ஒட்டத் தெரியாதவன்

நிக்கோட்டின் பேட்ச் ஒட்டுவதில்கூடத் தோற்க முடியுமா என்று கேட்பவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

மலேசியாவில் 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக்கூடாது, 3 மீட்டர் தள்ளி நில் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஜுருவில் மாமாக் கடைக்கு வெளியே வெயிலில் நின்றபடி, மேசையில் தே தாரேக் ஆறிப்போவதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். விட்டுவிடலாம் என்று தோன்றியது நுரையீரலுக்காக அல்ல, அந்தத் தேநீருக்காக.

புகைப்பதை விட உதவும் அந்த பேட்ச்சை வாங்கினேன். சுத்தமான, ஈரமில்லாத, முடியில்லாத தோலில் ஒட்டச் சொல்லியிருந்தது. நான் குளித்து, தேங்காய் எண்ணெய் தடவி, நுரையீரலுக்குப் பக்கமாக இருக்கட்டுமே என்று நெஞ்சில் ஒட்டினேன். எண்ணெய் இருந்த இடத்தில் ஒட்டவில்லை. முடி இருந்த இடத்தில் விடவில்லை.

அப்புறம் கைக்கு மாறினேன். தினமும் இடம் மாற்ற வேண்டும், ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரமாவது ஓய்வு தர வேண்டும். எனக்கு ஒரே இடம்தான் ராசி. தோல் சிவந்து சதுரமாகத் தடித்தது. என்ன பூச்சி கடித்தது என்று வீட்டில் கேட்டார்கள். அளவெடுத்துக் கடிக்கும் பூச்சி ஜுருவில் இல்லை.

பேட்ச் இருக்கிற தைரியத்தில், டோல் ஜாமில் ஒரு சிகரெட்டும் பற்றவைத்தேன். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு. நிக்கோட்டின் அதிகமானால் அப்படித்தான். பேட்ச்சைப் பிய்த்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். நான் காலையில் பசியாறிய ரொட்டி சானாயைத் திட்டினேன்.

ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் ஊதுபவர் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் 14, 7 என்று இறங்குவார். சிறிய பேட்ச்சுக்கு எதற்கு வெள்ளியைக் கொட்டுவது என்று 21-ஐக் கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டினேன். கணக்கு சரி. வெட்டாதே என்று பெட்டியில் போட்டிருந்ததும் சரி.

1980களில் அமெரிக்காவில் மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற ஆய்வாளர்கள் மற்றவர்மேல் சோதிக்க அனுமதி கிடைக்காமல், தங்கள் தோலிலேயே புகையிலையை வைத்துப் பார்த்தார்கள். இதயம் வேகமாகத் துடித்தது. அதிலிருந்து வந்ததுதான் இந்த பேட்ச். நானும் என்மேல்தான் சோதித்தேன்; கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லாதபோது.

பேட்ச்சோடு தூங்கினால் சிலருக்குக் கனவுகள் பளிச்சென்று வரும். அப்படியானால் படுக்குமுன் எடுத்துவிடச் சொல்கிறார்கள். நான் எடுக்கவில்லை. கனவில் ஒரு பாக்கெட் முழுக்க ஊதினேன், இலவசமாக.

கழற்றியதை மேசையில் போட்டேன். பேத்தி ஸ்டிக்கர் என்று எடுத்துப் பொம்மைக்கு ஒட்டிவிட்டாள். பயன்படுத்திய பேட்ச்சிலும் பிள்ளைகளுக்கு விஷமாகும் அளவு நிக்கோட்டின் மிஞ்சியிருக்கும். பசைப்பக்கம் உள்ளே போக மடித்து, அவர்கள் கைக்கு எட்டாமல் எறிய வேண்டும். பொம்மையின் கையில் ஒட்டியிருந்ததோடு போயிற்று. அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புகைப்பதை நிறுத்த அரசாங்கக் கிளினிக்கில் ஆலோசனை தருகிறார்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒட்டவே கூடாது. மற்றவர்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் மருந்தாளரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.