முகப்பு விளக்கின் மஞ்சளும் பிரெஞ்சுத் தொடர்பும்: குருவிநத்தம் கள ஆய்வு

1. ஆய்வின் தேவை

பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே, 9ஆம் நூற்றாண்டில், 3 ஊர்களைக் கல்விச்சாலைக்கு எழுதிவைத்த செய்தியைச் செப்பேட்டில் பொறித்துக்கொண்ட மண் பாகூர். அந்தப் பாகூர்ப் பக்கத்துக் குருவிநத்தத்தில் ஒரு ஏழு சீட்டுக் கார், ஹெட்லைட் மங்கி, ஆண்டுக்கணக்காகத் தடவித் தடவி ஓடுகிறது. இதைப் பற்றி ஒரு முனைவர் பட்டம்கூட இல்லை. சங்க கால அகல்விளக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் தம் வண்டி விளக்கை ஒரு துணியால் துடைத்ததற்கும் சான்றில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. கார் என்னுடையது.

2. சொல்லாய்வு

‘டிம்’ ஆங்கிலச் சொல் என்பர் சிலர். ‘கும்மிருட்டு’ இருக்கும் மொழியில் ‘டிம்மிருட்டு’ இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. வெள்ளைக்காரன் எடுத்துப் போய்விட்டான். மறுப்போர் தமிழ்ப் பகைவர்.

3. வகைப்பாடு

அ) எரிவது. ஆய்வுக்குரியதன்று.

ஆ) எரியாதது. பியூஸைப் பார்க்க, பிறகு பல்பைப் பார்க்க.

இ) பாதி எரிவது. எச்4 என்னும் 12 வோல்ட் ஹாலஜன் பல்புக்குள் 2 இழைகள்: ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55 வாட். ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். கூட்டுக் குடும்பம்.

ஈ) தட்டினால் எரிவது. ஹோல்டரில் பின் கருகியிருக்கும். எங்கே தட்டுவது என்பதில் 2 மரபுகள் உள்ளன (மாமனார், வாய்மொழி, முன்சீட்டு).

உ) பூச்சி அப்பியது. புகையானைக் கவர்ந்து பிடிக்க வயலில் விளக்குப்பொறி வைக்கச் சொல்கிறது வேளாண் துறை. எங்கள் கார் அந்தப் பணியை 40 கிலோமீட்டர் வேகத்தில் செய்துவருகிறது. மானியம் வரவில்லை.

4. பல்பு மாற்றும் சடங்கு

ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படலாகாது, பட்டால் தீட்டு. கைப்பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். பாட்டி சொன்ன தீட்டுக்கெல்லாம் அறிவியல் காரணம் கண்டுபிடித்து நூல் எழுதும் அறிஞர்கள், உண்மையிலேயே காரணமுள்ள இந்த ஒரு தீட்டை மட்டும் எப்படியோ விட்டுவிட்டனர்.

5. மஞ்சள் கோட்பாடு

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். எங்கள் காரின் ஹெட்லைட் மூடி வாங்கியபோது பளிங்கு. இன்று பழைய ஊறுகாய் ஜாடி. ஏன்?

1930களின் பிற்பகுதி தொடங்கி 1993 வரை, பிரான்சில் ஓடிய கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். குருவிநத்தம் அடங்கிய எங்கள் புதுச்சேரியோ 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும், மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். இந்த ஊரில் பழைய சன்னல், பழைய ரொட்டி, பழைய கடன் எல்லாமே பிரெஞ்சு மரபு எனப்படும்போது, பழைய ஹெட்லைட்டை மட்டும் ஒதுக்குவது எந்த நியாயம்? எழுத்துச் சான்று எதுவும் இல்லை என்பதே இக்கோட்பாட்டின் தனிப்பலம். மறுக்கவும் சான்று கிடைக்காது.

ஒரு தடை எழலாம். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், ஆங்கிலேயர் ஆண்ட கடலூர் மாவட்டத்துக் கார்களும் மஞ்சளாகத்தானே இருக்கின்றன? அவை சனிக்கிழமை மாலைகளில் இந்தப் பக்கம் வந்துபோன கார்கள் எனக் கொள்க. வந்த காரணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது (மாமனார், மேற்படி; மைத்துனரின் மறுப்புரை, நடுச்சீட்டு, இடப்பக்கம்; அம்மறுப்புக்கு மாமியார் அருளிய விளக்கவுரை, பாகூர் ஏரிக்கரை தொடங்கி வீட்டு வாசல் வரை; இவற்றோடு ஒப்பிடுக: என் மனைவியின் மௌனம், முழுவதும்).

இந்நிலையில், பாகூரிலிருந்து வந்த மெக்கானிக் பையன் ஒருவன் கோட்பாட்டைக் கேட்டு முடிக்கக்கூட இல்லை.

“அது பாலிகார்பனேட் சார். வெயில்ல மேல் பூச்சு போயிடும், மஞ்சளாயிடும். வேப்ப மரத்தடியில நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆயிருக்காது.”

1000, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தான். பாலிஷ் போட்டான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றை மேலே அடித்தான்; அது இல்லாவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடுமாம். பேஸ்ட் வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தானாம்; நாலு நாள் மினுமினுப்பு. ஒப்பாய்வுக்காக வலப்பக்க விளக்கையாவது விட்டுவைக்கச் சொன்னேன். மனைவி அப்போதுதான் மௌனம் கலைத்தார். இவ்வாறாகப் பிரெஞ்சு இந்தியாவின் கடைசிச் சான்று ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவி ஊற்றப்பட்டது.

6. மதிப்புரை

அன்றிரவே ஏழு பேர், பின்னால் ஒரு அரிசி மூட்டை. லோபீம்தான் போட்டிருந்தேன். எதிரே பைக்கில் வந்தவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கத்தினார்:

“யோவ், டிம் அடிய்யா!”

இக்கட்டுரைக்கு இதுவரை கிடைத்த ஒரே மதிப்புரை. அடித்திருப்பது டிம்தான் என்று விளக்குவதற்குள் போய்விட்டார். முன்னால் பார்த்தேன்: சாலையை விடத் தென்னை மரங்கள் நன்றாகத் தெரிந்தன.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அது ஏசிக்கானது என்பது மாமனார் மரபு. எதற்கும் இல்லை, அழகுக்கு என்பது என் துணிபு. பத்தாவது படிக்கும் மகள் பின்னாலிருந்து எட்டி அதை 0-விலிருந்து 3-க்குத் திருப்பினாள்.

“பின்னாடி வெயிட் ஏறுனா முன்னாடி தூக்கும்ப்பா. லைட்டும் தூக்கும். அத இறக்கத்தான் இது. புக்குல போட்டிருக்கு.”

தென்னைகள் இருட்டுக்குள் போயின. சாலை தெரிந்தது.

இக்கண்டுபிடிப்புக்காக அவளை இணையாசிரியராகச் சேர்க்கும்படி வீட்டில் கோரிக்கை எழுந்தது. ஆய்வு வழிகாட்டி என்ற முறையில், துறை வழக்கப்படி, என் பெயரிலேயே வெளியிடுகிறேன்.