வண்டி போகுமா?

செஞ்சி நில வியாபாரங்களில் எனக்குப் பொறாமை தருவது 1690-இல் நடந்த ஒன்று. முகலாயர் கையில் சிக்காமல் ராய்கட்டிலிருந்து தப்பி வந்த சத்ரபதி ராஜாராம், அதற்கு முந்தைய வருஷம்தான் செஞ்சிக் கோட்டைக்குள் குடியேறியிருந்தார். அவருக்குப் பணம் தேவை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் ஓர் இடம் தேவை. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை கைமாறியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேர்த்தி என்பதற்கு ஒரு பீரங்கியை வைத்துச் சுட்டார்கள்; குண்டு விழுந்த தூரம்வரை கம்பெனிக்கு. சர்வேயர் இல்லை, புலப்படம் இல்லை, உட்பிரிவு இல்லை. குண்டு கிராமங்கள் என்று அந்த ஊர்களுக்குப் பேரே வந்துவிட்டது. வாங்கிய தரப்பில் அப்போது சென்னைக்குக் கவர்னர் எலிஹு யேல். பின்னால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்தாரே, அவரேதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஏக்கர். அதில் சின்னதாக ஒரு வீடு, பக்கத்தில் என் வண்டி நிற்க ஒரு கொட்டகை. என்னிடம் பீரங்கி இல்லை. அது இருந்திருந்தாலும் தப்பான பக்கம்தான் திருப்பியிருப்பேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணக்கு வாத்தியாராக ஓய்வுபெற்ற கையோடு, வந்த பணத்தில் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கினேன். கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசு ஒரு கொள்கை அறிவித்து, வாகமனில் அதற்கொரு பூங்காவும் திறந்திருந்த சமயம். தமிழ்நாட்டில் முந்திக்கொள்ளப்போவது நான்தான் என்று நம்பினேன். கரூரில் பாடி கட்டும் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஆள் ஒடுங்கி உட்காரும்படி கழிப்பறை என்று நான் வரைந்துகொண்டு போன படத்தைப் பார்த்துவிட்டு, “ஆர்டிஓ அனுமதி வாங்கியாச்சுங்களா?” என்று கேட்டார் மேஸ்திரி. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதும், உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை அழுத்திச் சொல்லியிருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அனுமதிக்கு அலைந்தது தனிக் கதை. அதை எழுதினால் இந்தப் பத்தியில் செஞ்சிக்கு இடமிருக்காது.

அனுமதி வந்தது, வண்டியும் வந்தது, நிறுத்த இடம்தான் வரவில்லை. எங்கள் சென்னைக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கார். மேலே ஏசியும் சோலார் தகடும் சேர்த்துப் பத்தடி உயரமுள்ள என் வண்டி, கீழ்த்தளத்து விட்டத்துக்கு அடியில் நுழையாது. வாங்கும் முன் அளந்திருக்கலாம். முக்கோணவியல் நடத்தியவனுக்கு ஒரு டேப்பைப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தெருவில் நிறுத்தினேன். “உங்க வண்டி மறைச்சு எங்க வீட்டுல வடாம் காயமாட்டேங்குது சார்” என்று எதிர்வீட்டு அம்மா மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. வண்டிக்காக கிராமத்தில் ஒரு வீடு தேடுவது என்று முடிவு செய்தேன். “எனக்காக ஒரு கிரைண்டர் மாத்தித் தர யோசிச்சீங்க” என்றாள் என் மனைவி.

செஞ்சி என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் கோட்டை நிற்கிற ராஜகிரி மலை. காலையில் காப்பியோடு வாசலில் உட்கார்ந்தால் எதிரே கோட்டை தெரியவேண்டும். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் ஒரு டீக்கடையில் தரகரைப் பார்த்தேன். “தண்ணி முக்கியமா, வழி முக்கியமா சார்?” என்றார். “மலை தெரியணும்” என்றேன். டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “செஞ்சியில மலை தெரியாத எடம் கண்டுபுடிக்கறதுதான் சார் கஷ்டம்.”

முதலில் காட்டியது கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில். கையை நீட்டினால் மதில்மேல் படும்போல இருந்தது. விலையும் குறைவு. இவ்வளவு அழகான இடம் இத்தனை காலம் விற்காமல் கிடப்பது என் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். பக்கத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், அதைப் படிக்கவில்லை. ராத்திரி போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தவள் மனைவி. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். 2010-இல் திருத்திய சட்டம். மறுநாள் தரகரிடம் கோபமாகக் கேட்டேன். “கொட்டாய்தான போடப் போறேன்னீங்க? வீடு கட்டறேன்னு சொல்லவேயில்லையே” என்றார். சொல்லவில்லைதான். வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான்; நல்லவேளை அங்கே செங்கல் இறக்கவில்லை என்று.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஆலம்பூண்டிப் பக்கம் ஒரு பெரியவர் தன் நிலத்தைக் காட்டினார். ஒரு காணி, மல்லாட்டை போட்டு எடுத்த பூமி, ஓரத்தில் ஓட்டு வீடு. தரகர் ஒன்னு முப்பத்திரண்டு என்றார். நான் பட்டாவை வாங்கிப் பார்த்தேன். 0 – 53.50 என்றிருந்தது. வெறும் ஐம்பத்துமூன்றரை சென்ட்! ஒன்றேகால் ஏக்கருக்கு மேல் என்று சொல்லிப் பாதியைக்கூடக் காட்டாமல் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பெரியவரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்து, வகுப்பில் காப்பி அடித்தவனை விசாரிக்கிற குரலில் விசாரித்தேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பெண். “பட்டாவுல ஹெக்டேர், ஏர்லதான் சார் போடுவாங்க. ஒரு ஏருக்கு ரெண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கொறைவு. ரெண்டு புள்ளி நாலு ஏழு. பெருக்கிப் பாருங்க” என்றாள். பெருக்கினேன். 132 சென்ட். காணி என்றால் அதுதான், சரியாக அதேதான்.

“நீங்க இன்னா வேலையில இருந்தீங்க?” என்று பெரியவர் கேட்டார்.

“டீச்சர்.”

“இன்னா பாடம்?”

தமிழ் என்று சொல்லிவிட்டேன். தமிழாசிரியர்கள் மன்னிக்கவேண்டும். நிலத்தை அவர் அடுத்த வாரமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். விலை எனக்குச் சொன்னதைவிடக் குறைவு என்று கேள்வி.

இதற்குப் பிறகு நான் பார்த்த ஒரு நிலத்தில் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு உண்டு என்று பத்திரத்தில் இருந்தது. எட்டு நாளைக்கு ஒரு நாள் நம் முறை. என் வண்டித் தொட்டியை நிரப்ப அது போதும் என்று நான் கணக்குப் போட்டபோது மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. அதோடு அதை விட்டோம்.

கடைசியில் அட்வான்ஸ் வரைக்கும் போனது அனந்தபுரம் சாலையில் ஒன்று. பங்குனியில் பார்த்தோம். தார்ச்சாலையிலிருந்து நிலம்வரை அறுவடை முடிந்த வயல், காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. காரை நேரே அதன்மேல் ஓட்டிக்கொண்டு போனோம். “வண்டி போகுமா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “டிராக்டரே போவுது சார்” என்றார் உரிமையாளர். அது பொய்யில்லை; எங்கள் கண்முன்னாலேயே ஒன்று போனது. பத்திரம் எழுதுகிறவரிடம் பழைய தாய்ப் பத்திரத்தைக் காட்டினேன். மாமூல் வழிநடை பாத்தியமும் வண்டி வாகனப் போக்குவரத்துப் பாத்தியமும் உண்டு என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. புலப்படத்தில் பாதைக்கான கோடு இருக்கிறதா என்று அவர் கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற கணக்கில்தான் என் மூளை இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தெரிந்ததும் மனைவி பேரிலேயே கிரயம் என்று அறிவித்தேன். “இத்தனை வருஷத்துல என் பேர் ஞாபகம் வர்றதுக்கு ஒரு பர்சென்ட் தேவைப்பட்டிருக்கு” என்றாள்.

உரிமையாளரின் தங்கை கையெழுத்துக்காகக் கிரயம் தள்ளித் தள்ளிப் போய் கார்த்திகை வந்துவிட்டது. கொட்டகைக்கு அளவெடுக்கலாம் என்று வண்டியையே ஓட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அமாவாசை என்பதைப் பார்க்கவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், நிலத்தைக் காணவில்லை. நான் காரோட்டிய கட்டாந்தரையில் முழங்கால் உயரத்துக்கு நெல் நின்றது, தண்ணீர் கட்டி. அதற்கு அந்தப் பக்கம், தீவு மாதிரி, எங்கள் ஏக்கர். போக ஒரு வரப்பு இருந்தது. ஒரு ஆள் நடக்கலாம். குடை பிடித்தால் கஷ்டம். வயல் வேறொருவருடையது. தை அறுப்பு முடிந்து அடுத்த நடவு வரைக்கும் யார் ஓட்டிக்கொண்டு போனாலும் அவர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

திரும்பிப் போயிருக்கலாம். பக்கத்தில் ஓர் ஓடைப் புறம்போக்கு ஓரமாகப் பாதைபோல ஒன்று தெரிந்தது. அதில் இறக்கினேன். பின்சக்கரம் இரண்டும் சேற்றில் உட்கார்ந்தன. மேலே பம்புசெட்டுக்குப் போகும் கம்பி, சோலார் தகட்டுக்கு ஒரு சாண் உயரத்தில். முன்னும் போகமுடியாது, பின்னும் போகமுடியாது. கேரவன் வந்திருக்கிறது என்று செய்தி பரவி அரைமணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. கேரவன் என்றால் ஷூட்டிங். செஞ்சிக்கு ஷூட்டிங் புதிதில்லை. “உள்ள யாரு சார்?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பையன் கண்ணாடியைத் தட்டினான். கதவைத் திறந்து நான் இறங்கினேன். வழுக்கைத் தலை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் அளவு டேப். அந்தப் பையன் முகத்தில் பார்த்த ஏமாற்றத்தை என் மாணவர்கள் யாரும் எனக்குக் காட்டியதில்லை. டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. பணம் வாங்க மறுத்துவிட்டார் அந்த டிராக்டர்காரர். நெல் வயலுக்குச் சொந்தக்காரர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் எனக்கு விற்கமுடியுமா என்று அவரிடமே கேட்டேன். சேற்றிலிருந்து இழுத்துவிட்ட அதே நல்ல மனசோடு, “என் நெலம் ரெண்டாப் போயிடும் சார், வேணாம்” என்றார். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின்படி வேறு வழியே இல்லாத நிலத்துக்குப் பக்கத்து நிலம் வழியாகப் போக உரிமை கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சட்டத்தில் நுணுக்கங்கள் நிறைய. கேஸ் போட்டு முடிவதற்குள் வண்டிக்கு எஃப்.சி. எத்தனை முறை எடுக்கவேண்டியிருக்குமோ. தவிர, டிராக்டர் கொண்டுவந்து இழுத்த மனிதர்மேல் கேஸ் போட எனக்கு மனசு வரவில்லை. அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது.

அதற்கப்புறம் ஒருநாள், வேறு வேலையில்லாமல், ராஜகிரி ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே மரப்பாலம் போட்டு, வேண்டாதவன் வந்தால் எடுத்துவிடுவார்களாம். கோட்டைக் கட்டுமானத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இப்போது அதுதான். கட்டினவன் முதலில் வழியைத்தான் யோசித்திருக்கிறான். கீழே பார்த்தால் விரிந்து கிடக்கிற சமவெளியில்தான் 1690 முதல் 1698 வரை ஜுல்பிகார் கானின் முகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தது. எட்டு வருஷம். யானை, ஒட்டகம், பீரங்கி, கடைத்தெரு எல்லாவற்றையும் எங்கேயோ நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வண்டி.

இப்போது செஞ்சி டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடிக்குப் போனால் மலை தெரியும். முட்டி வலிக்கு நான் மாடிக்குப் போவதில்லை. வண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிறது. மாத வாடகை, முகூர்த்த நாளில் மட்டும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆவணியில் ஓட்டுவதைவிட நகர்த்துவதுதான் அதிகம். போன முகூர்த்தத்தில் எடுக்க மறந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பெண்வீட்டார் சாவியை மேனேஜரிடம் வாங்கி, உள்ளே ஏசி போட்டு மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். வண்டி வாங்கியதிலிருந்து அதை முழுசாகப் பயன்படுத்தியவர்கள் அவர்கள்தான். தாம்பூலப் பையில் ஐந்நூறு ரூபாய் வைத்துக் கொடுத்தார்கள். மனைவி இப்போது மண்டப மேனேஜரிடம் அடுத்த முகூர்த்தங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

தேடலை நான் விட்டுவிடவில்லை. செஞ்சியைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள், புலப்படத்தில் கோடு போட்ட பன்னிரண்டடிப் பாதையும் சொந்தக் கிணறுமாக ஓர் ஏக்கர் இருந்தால் வாசகர்கள் தெரியப்படுத்தவேண்டும். கார்த்திகையில் வந்து பார்த்துக்கொள்கிறேன். தரகு இரண்டு சதவீதம் உண்டு. கணக்கை மட்டும் நீங்களே போட்டுச் சொல்லிவிடுங்கள்.