அமைச்சர் வருகிறார், கோடு போடுங்கள்

தாலுகா ஆஸ்பத்திரிக்கு அமைச்சர் ஆய்வுக்கு வருகிறார் என்றால், விடிவதற்குள் வாசல் பாதையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். நம்மூர்க் கிருமிகள் ஒழுக்கமானவை. கோட்டைத் தாண்டாது.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் ஏறக்குறைய இதே சரக்கைத் தண்ணீரில் கரைத்து, பிணம் அறுத்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் சாவு ஜூனில் 2 ஆக இறங்கியது. தரையில் கோடு போடலாம் என்பது பாவம், அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

வார்டுக்குள் போவோம். வாஷ்பேசினுக்கு மேலே கை கழுவும் முறை கலர் கலராக ஒட்டியிருக்கிறது. குழாயைத் திருகினால் காற்று வருகிறது. சோப்பு வைத்தால் காணாமல் போகிறதாம், பீரோவில் பூட்டியிருக்கிறார்கள். சாவி சிஸ்டரிடம். வார்டு முழுக்க அவர் ஒரே ஆள். ஒரு கட்டிலில் யூரின் ட்யூபைத் தொட்ட கையுறையோடு அடுத்த கட்டிலில் சலைன் ஊசியைத் தொடுகிறார். அவரை நான் திட்டமாட்டேன். கழற்றிப் போட்டால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி யார் கொடுத்தார்கள்? ஆய்வுப் படிவத்தில் ‘கையுறை அணிகிறார்கள்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தாயிற்று. கிளெப்சியெல்லா என்ற கிருமி டிக்கெட் எடுக்காமல் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நூறு நோயாளிக்கு 15 பேர் புதிதாக ஒரு தொற்றையாவது வாங்கிக்கொள்கிறார்கள் என்றது உலக சுகாதார நிறுவனம், 2022இல். பணக்கார நாடுகளில் 7. இதற்கெல்லாம் நமக்குக் கோபம் வராது.

கோபம் 2010இல் வந்தது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் லேசில் மசியாத பாக்டீரியா சென்னை நோயாளிகளிடமும் இருப்பதாக ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அதற்கு அந்தத் திமிரைக் கொடுக்கும் நொதியின் பெயரில் ‘நியூ டெல்லி’ இருந்தது. விடுவோமா! பன்னாட்டுக் கம்பெனிச் சதி என்று நாடாளுமன்றம் வரை முழங்கினோம். பெயருக்காக 2011இல் ‘லான்செட்’ ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். தேசத்தின் மானம் பிழைத்தது. கிருமியும் பிழைத்தது.

குடலிறக்க ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து வந்த பெரியவருக்குத் தையலில் சீழ், காய்ச்சல், பிறகு ஐ.சி.யூ. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டு நீளுகிறது. மகள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கடைசியில் கொடுக்கிற காகிதத்தில் மரணக் காரணம்: இதயத் துடிப்பு நின்றது. இதயம் துடிக்கத் துடிக்கச் செத்தவர் எந்த ஊரில் இருக்கிறார், ஐயா?