ஓடிபி அங்கிள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் முதலில் தெரிவது பெற்றவர்களுக்கு. அடுத்து அங்கிளுக்கு. சித்தப்பா, அத்தை எல்லாரும் அதற்கு அப்புறம்தான். அமெரிக்காவின் ஐ-20 ஆகட்டும், இங்கிலாந்தின் காஸ் கடிதம் ஆகட்டும், மறுநாள் காலை ரிச்சர்ட்ஸ் பார்க்கில் நடையை முடித்த கையோடு, மங்கி கேப்பைக் கழற்றாமலே கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். தட்டில் நீட்டிய மைசூர் பாகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். வாழ்த்தெல்லாம் கிடையாது. முதல் கேள்வியே, "நம்பரை என்ன பண்றதா உத்தேசம்?"

காக்ஸ் டவுனிலும் குக் டவுனிலும் இந்த ரகம் உண்டு. ஆனால் நன்றாக விளைந்தது ரிச்சர்ட்ஸ் டவுனில்தான். பழைய பங்களா, முன்னால் ஒரு மாமரம், உள்ளே வயசான இரண்டு பேர், பிள்ளைகள் இருப்பதோ வேறு கண்டத்தில். இந்த நிலத்தில் அங்கிள்கள் தானாக முளைப்பார்கள். ஹெச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ என்று ஏதாவது ஒன்றில் ஓய்வு பெற்றிருப்பார்கள். அதில் ஐடிஐ அங்கிள்தான் ஆகச் சுத்தமான ரகம். தூரவாணி நகரில் 1948-இல் தொடங்கி, நாடு முழுக்க டெலிபோன் செய்து கொடுத்த ஆலை அது. தான் மாட்டிய டயலைத் தேசமே சுற்றியது என்கிற நினைப்பு அவருக்குக் கடைசிவரை போகாது.

பணத்தைப் பற்றிய அவருடைய பயத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடி கட்டணம் கால்வாசி என்பதற்காக பூத் வாசலில் கொட்டாவியோடு வரிசையில் நின்ற தலைமுறை. சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொந்த அண்ணனிடம் துக்கம் விசாரித்தவர். 1995 ஜூலை 31 அன்று ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்து இந்தியாவின் முதல் செல்போன் பேச்சைத் தொடங்கி வைத்தார். அன்றைய கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. கூப்பிட்டவருக்கு மட்டுமல்ல, எடுத்தவருக்கும் காசு. வருகிற அழைப்பு இலவசமானது 2003 மே மாதத்தில்தான். அங்கிளின் உடம்பு இன்னும் அந்த மே மாதத்துக்கு வந்து சேரவில்லை. போன் அடித்தால் முதலில் முகம் சுருங்கும், அப்புறம்தான் கை நீளும்.

பெட்டி கட்டும் நாளில் அவர் வந்து சோபாவில் உட்கார்ந்தால் ஊறுகாய் பாட்டில் ஒழுகினால்கூடக் கவனிக்க ஆளிருக்காது.

"ஏர்போர்ட்ல சிம் விக்கிறவன் சிரிச்சா நீ சிரிக்காதே. ஊருக்குள்ள போய் வாங்கு. டேட்டா ரோமிங்கை இங்கேயே அணைச்சிடு, தேவனஹள்ளி தாண்டறதுக்கு முன்னாடி. மெசேஜ் வந்தா படி, அதுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ஆனா நம்ம ஊர் நம்பர்ல கால் வந்தா எடுக்காதே, நானே அடிச்சாலும் எடுக்காதே."

"சரிங்க அங்கிள். துபாய்ல இறங்கினதும் வாட்ஸப்ல கூப்பிட்டு அம்மாகிட்ட..."

"அங்கே வாட்ஸப் கால் போகாது பாப்பா. வாய்ஸ் மெசேஜ் போகும். 'சேர்ந்துட்டேன், சாப்பிட்டேன்' ரெண்டையும் ஒரே மெசேஜ்ல சொல்லிடு."

மைசூரைத் தாண்டி மேற்கே போகாதவர் பேசுகிறார் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். உலக வரைபடம் அவருக்குக் கட்டண வரைபடமாகத்தான் தெரியும். ஜெர்மனி என்றால் ஆல்டி. அந்த மளிகைக் கடையில் 2005 முதல் சிம் விற்கிறார்கள். 2017-லிருந்து பாஸ்போர்ட்டைக் காட்டாமல் அங்கே பிரீபெய்டு சிம் உயிர் பெறாது. பிரான்ஸ் என்றால் 2012-இல் மாதம் 2 யூரோவுக்கு ஒரு திட்டம் போட்டு மற்ற கம்பெனிகளைப் பதறவைத்த ஃப்ரீ. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆகவே ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பையன் பாரிஸ் போய்ப் பேசலாம். "ஆனா சுவிட்சர்லாந்து அந்தக் கணக்குல வராது. ரைன் அருவி பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கே நெட்டை ஆன் பண்ணினே, அருவி மாதிரி கொட்டும் பில்லு." அருவியை அவர் பார்த்ததில்லை. அதன் எல்லாப் படங்களிலும் அவர் கண்ணுக்குத் தெரிவது சுவிஸ் டவர்தான்.

லண்டன் பேச்சு வந்தால் மட்டும் குரலில் ஒரு கனிவு. "அங்கே உனக்கு சிம் விக்கிறதே நம்ம ஆளுங்கதான்." பொய்யில்லை. 2001-இல் தொடங்கிய லெபாராவின் பெயரே லியோன், பாஸ்கரன், ரதீசன் என்று மூன்று தமிழர்களின் பெயர்த் தலைகளை ஒட்டவைத்தது. முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா 2006-இல் தொடங்கிய லைக்கா மொபைல், ஊரை விட்டு வந்தவர்கள் ஊருக்குப் பேசுவதையே வியாபாரமாக்கியது. அவர் தயாரித்த 'கத்தி', '2.0', 'பொன்னியின் செல்வன்' படங்களெல்லாம் பிற்பாடு. அங்கிள் இந்தப் படங்கள் எதையும் பார்த்ததில்லை, தயாரிப்பாளர் பெயர் வரும் இடம் வரைக்கும்தான் பார்த்திருக்கிறார். வெளிநாட்டுப் பிள்ளைகளின் செலவைக் குறைத்ததில் தமிழனுக்கு இருக்கும் பங்கைப் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் மறுப்பில்லை.

சறுக்கல் இல்லாமல் இல்லை. சாவிக் கொத்தில் சிம் குத்தும் ஊசி ஒன்றைச் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார். அமெரிக்காவில் வாங்கிய புது ஐபோனை ஒருநாள் ஒரு பெண் கொண்டுவந்து காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குத்துவதற்கு ஓட்டையே இல்லை. 2022-இல் வந்த ஐபோன் 14-லிருந்து அந்த நாட்டில் விற்பதற்கு சிம் தட்டே கிடையாது, எல்லாம் இ-சிம். அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு வாரம் பார்க் பக்கம் ஆளைக் காணோம். வந்தபோது இ-சிம்மில் கரைகண்டவராக வந்தார். "நம்ம நம்பரை இங்கே இருக்கும்போதே இ-சிம்மா மாத்திக்கிட்டுப் போகணும். அங்கே போய் மாத்தறேன்னா முடியாது, கன்ஃபர்ம் பண்ற மெசேஜ் எந்த சிம்முக்கு வரும்?"

ஆனால் இளசுகள் எங்கே கேட்கிறார்கள்? கடைசி நாளில் சிம்மைக் கழற்றி அங்கிள் கையில் திணித்துவிட்டு கேப் ஏறிவிடுகிறார்கள். அவர் படுக்கையறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருப்பது இதனால்தான். பட்டன் வைத்த பழைய போன்கள் அதில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, நீல மையில் 'மான்செஸ்டர்', 'ஆகன்', 'சிகாகோ', 'மெல்போர்ன்' என்று எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றுக்கும் சார்ஜ். அலமாரிக் கதவில் தொங்கும் காலண்டரில் ரீசார்ஜ் தேதிகள். 28 நாளை ஒரு மாதம் என்று கணக்கிட்டு வருடத்துக்கு 13 ரீசார்ஜ் வாங்கியவர்களை அவர் மன்னிக்கவே இல்லை. 30 நாள் திட்டமும் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவு போட்டபோது, கேசை வாதாடி ஜெயித்த வக்கீல் போலத் தெருவில் நடந்தார்.

சிகாகோவில் கோடைக்கால மாலை நாலு மணி என்றால் இங்கே அதிகாலை இரண்டரை. அங்கே ஒரு பிள்ளைக்கு இந்திய வங்கிக் கார்டைத் தேய்க்கத் தோன்றும். ஓடிபி வந்து இங்கே டின் அதிரும். அங்கிள் எழுந்து, கண்ணாடி தேடி, எந்த ஊர் அதிர்கிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளையை வாட்ஸப்பில் பிடித்து, மெசேஜை முதல் எழுத்திலிருந்து படிப்பார். 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற வரியையும் அழுத்தம் திருத்தமாகப் படித்துவிட்டு, உடனே எண்ணைச் சொல்வார். சைபர் கிரைம் போலீஸ்காரர் யாராவது கேட்டால் அங்கேயே மயங்கி விழுவார். மூன்றாவது எண்ணில் பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதும். "ஆறா, நூறா அங்கிள்?" "ஆறு பாப்பா, சிக்ஸ், சிக்ஸ்." அதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இந்த உத்தியோகத்தால் யார் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெற்றவர்களிடம் மூச்சு விட மாட்டார். ஆனால் பிள்ளைகளை விட மாட்டார். "மறுபடியும் அந்த ஷூக் கடையா? உனக்கு எத்தனை காலு?"

2023 ஜனவரியில் ஒரு ஆபத்து வந்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா உட்பட 10 நாடுகளின் செல்போன் எண்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. டின் அவ்வளவுதான் என்று தெருவே பேசிக்கொண்டது. அங்கிள் அசரவில்லை. "அதுக்கு வங்கிக் கணக்கை வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்ஓவா மாத்தணும். பாரம் நிரப்பணும், கையெழுத்துப் போடணும். நம்ம பிள்ளைங்களா?" அவர் சொன்னதுதான் நடந்தது. ஒருவரும் மாற்றவில்லை.

போன மாதம் சிகாகோ அதிர்ந்தது. அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக், வீட்டிலேயே கொண்டுவந்து தரும் கடையில். அங்கிள் தொகையைப் பார்த்தார். டெலிவரிக்குத் தனிக் காசு என்பதையும் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கினார். எண்ணைச் சொல்ல மறுத்துவிட்டார்.

"அங்கிள், பிளீஸ். டைம் போகுது."

"போகட்டும் பாப்பா. காலையில தாம்ஸ் பேக்கரிக்கு நானே போறேன். கையில எடுத்துட்டு வந்து தர்றேன். இதுக்கு எதுக்கு ஒருத்தன் பைக் வேற?"

போனார். வாங்கினார். வெயிலுக்கு முன்னால் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிரவு சிகாகோவைக் கூப்பிட்டு, கேக் காசை அனுப்பச் சொன்னார். அவளும் வங்கியைத் திறந்து அனுப்பினாள். டின் அதிர்ந்தது. அங்கிள் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்பது உட்பட முழுதாகப் படித்துக் காட்டி, தனக்கு வர வேண்டிய காசுக்குத் தானே எண் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் ஊதியது.