சிவப்பு விளக்கு எரியுதா?

பார்வை உள்ளவர்கள் வெளியூர் போனால் போட்டோ எடுக்கிறார்கள். நான் சத்தம் எடுக்கிறேன். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நின்றதும் கிளம்பும் டீ, காபி, வடைக் குரல்கள், குற்றால அருவி, என் பெரியத்தை மூச்சு விடாமல் சம்பந்தியைத் திட்டுவது என்று பெரிய சேகரமே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீங்கள் கல்யாண ஆல்பத்தை நீட்டுகிற மாதிரி நான் ஹெட்போனை நீட்டுவேன். இரண்டு நிமிஷத்தில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

ஆகவே எனக்கு நல்ல ரிக்கார்டர் ஒன்று தேவைப்பட்டது. சொன்னதுமே எல்லோரும் சொல்வது, "செல்போன்லயே இருக்கே!" இருக்கிறதுதான். ஆனால் என் செல்போன் வாயாடி. விரல் பட்ட இடத்தையெல்லாம் டாக்பேக் என்கிற செயலி படித்துச் சொல்லும். அது சொல்லாவிட்டால் எனக்கு அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டு. பதிவின் நடுவே தொட்டுப் பார்த்தால், "பேட்டரி பதினெட்டு சதவீதம்" என்று அத்தையின் வசவுக்குள் ஒரு பெண்குரல் நுழையும். அத்தை அதற்கும் பதில் கொடுத்திருக்கிறாள். போதாக்குறைக்கு, போனின் மைக் மனிதர் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. மழையையும் அருவியையும் இடைஞ்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். குற்றாலத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தால் வீட்டில் பாத்ரூம் குழாய்தான் கேட்கும்.

தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

"சாருக்கு என்ன வேணும்?" கடைக்காரர் அவனிடம் கேட்டார்.

"ரிக்கார்டர்," என்றேன் நான்.

"எந்த மாதிரி கேக்குறாரு?" மறுபடியும் அவனிடம்.

"பட்டன் தொட்டாத் தெரியணும். மெனு பேசணும்," என்றேன்.

"கறுப்பு இருக்கு, சில்வர் இருக்கு. சாருக்கு எது புடிக்கும்?"

"சில்வரே எடுங்க மாமா. கறுப்புன்னா கீழ விழுந்தாத் தேடறது கஷ்டம்," என்றான் மருமகன். நியாயம்தான். தேடப் போகிறவன் அவன்.

பிறகு கடைக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்து, உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். "இது சாருக்குன்னே செஞ்ச மாதிரி. பட்டன் எல்லாம் எவ்ளோ பெருசு பாருங்க!" பார்வையற்றவர் என்றதும் உலகம் பெரிய பட்டனைத் தேடி ஓடுகிறது. விரலுக்கு அளவு பெரிய விஷயமே இல்லை. ஒரு பட்டன் மற்றதிலிருந்து மாறுபட்டிருந்தால் போதும். அந்தப் பெட்டியில் எல்லாப் பட்டனும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு, ஒரே வரிசை. இதற்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு வைத்தியம் உண்டு: கல் வைத்த ஒட்டுப்பொட்டு. ரிக்கார்டு பட்டனுக்கு ஒரு பெரிய பொட்டு, ஸ்டாப்புக்கு ஒரு சின்னப் பொட்டு. எங்கள் வீட்டில் என் ரிக்கார்டரைவிட மங்களகரமான பொருள் கிடையாது.

பட்டனைக்கூடச் சமாளித்துவிடலாம். மெனு இருக்கிறதே, அங்கேதான் நான் கடைக்காரரைப் பொறுமையிழக்க வைப்பேன். "மெனு கடைசி வரிக்கு வந்ததும் நிற்குமா, மறுபடி முதல் வரிக்குப் போகுமா?" இந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிற்கிற மெனு என்றால் பிழைத்தேன். மேல்நோக்கிப் பலமுறை அழுத்தி உச்சிக்குப் போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கலாம். சுற்றுகிற மெனுவில் உச்சியும் இல்லை, அடியும் இல்லை. எண்ணுவதற்கு ஓர் ஆரம்பமே கிடையாது. நண்பர் ஒருவருடைய ரிக்கார்டர் இப்படித்தான் ஒருநாள் ஜப்பானிய மொழிக்கு மாறிவிட்டது. மாதக்கணக்கில் அவர் அதை நிம்மதியாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார். பேசாத மெனு எந்த மொழியில் பேசாமல் இருந்தால் என்ன? அவருடைய மாப்பிள்ளை திரையைப் பார்த்துப் பதறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இத்தனையையும் மன்னித்துவிடுவேன். அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பல ரிக்கார்டர்களில் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்காது. இயந்திரம் தயார் நிலைக்குப் போகும், விளக்கு சிமிட்டும். ஒலியின் அளவைத் திரையில் பார்த்துச் சரிசெய்ய அந்த அவகாசம். இன்னொருமுறை அழுத்தினால்தான் பதிவு. விளக்கு சிமிட்டாமல் எரியும். கண்ணுக்கு நல்ல ஏற்பாடு. காதுக்குச் சிமிட்டுவதும் எரிவதும் ஒன்றுதான். வேறு சில ரிக்கார்டர்களிலோ முதல் அழுத்தலிலேயே பதிவு, இரண்டாவது அழுத்தலில் நிறுத்திவைப்பு. முந்தையதில் பழகிய விரல் பிந்தையதில் கச்சிதமாகத் தொடங்கி, கச்சிதமாக நிறுத்தும்.

அதனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலிக்காரர் பாடு திண்டாட்டம்.

"சார், சிவப்பு விளக்கு எரியுதா?"

"எரியுது."

"சிமிட்டுதா?"

"இல்லீங்க."

"கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்."

அடுத்த பேச்சாளர் வருவதற்குள் அந்த நாற்காலி காலியாகியிருக்கும்.

இத்தனைக்கும் ஒலிப்பதிவு பிறந்தபோதே எங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எடிசன் 1877-இல் போனோகிராபைக் கண்டுபிடித்தார். மறுவருஷமே, அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பட்டியல் போட்டார். கடிதம் எழுதுவதற்கு அடுத்தபடியாக, இரண்டாவதாக அவர் குறித்தது பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகம். அவருக்கே காது சரியாகக் கேட்காது; அடுத்தவர் கஷ்டம் புரிந்திருக்கும். பின்னால் வந்த பொறியாளர்கள் திரை வைப்பதில் மும்முரமாகி, அந்தப் பட்டியலைப் புரட்டவே இல்லை என்று நினைக்கிறேன்.

புரட்டியவர்களும் இருக்கிறார்கள். ஒலிம்பஸின் டிஎம் வரிசையில் பல மாடல்கள் மெனுவை வாய்விட்டுப் படித்தன. என் நண்பர்கள் அவற்றைப் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள். 2024-இல் ஜூம் நிறுவனத்தின் எசென்ஷியல் வரிசை கடைகளுக்கு வந்தது. அதில் மெனுவைச் சொல்லும் குரல் உண்டு. அதைவிட முக்கியம், அது 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகிறது. சாதாரணப் பதிவில் ஒலியளவைக் கூட்டி வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அப்புறம் எந்தச் சாமியாலும் அதை ஒட்ட முடியாது. குறைத்து வைத்தால் இரைச்சல். நடுவில் நிற்க வேண்டுமென்றால் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 32 பிட் ஃப்ளோட்டில் அந்தக் கவலை அநேகமாகத் தீர்ந்தது. அத்தை முணுமுணுத்தாலும் சரி, திடீரென்று உச்சஸ்தாயிக்குப் போனாலும் சரி, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். என்ன, இடம் அதிகம் பிடிக்கும். சிடி தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ சுமார் 635 எம்பி. இதில், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால், ஏறக்குறைய 1.4 ஜிபி. தன் வசவுக்கு இவ்வளவு எடை என்று தெரிந்தால் அத்தை பூரித்துப்போவாள்.

அந்த வரிசையில் சின்னதான எச்1 எசென்ஷியலைத்தான் கடைசியில் வாங்கினேன். சில்வர் கிடைக்கவில்லை, கறுப்புதான். ட்ரிபிள் ஏ பேட்டரி இரண்டு போதும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மெமரி கார்டு மட்டும் சுண்டுவிரல் நகம் அளவு. அது கைதவறிப் பறந்துவிட்டால் பார்வை உள்ளவர்களும் நானும் சமம். தரையில் தடவித் தேடுவதில் அனுபவம் எனக்குத்தான் அதிகம். அந்தக் குரல் பேசுவது இங்கிலீஷ். தமிழ் பேசும் ரிக்கார்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லோரும் பயன்படுத்தும் விதத்தில் நுகர்பொருள்கள் உருவாவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 43-ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டும் உத்தேசம் எனக்கில்லை. ரிக்கார்டர் செய்கிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: தயார் நிலைக்கு ஒரு பீப், பதிவு தொடங்கினால் இரண்டு பீப் வையுங்கள் ஐயா. அந்தச் சிவப்பு விளக்கு அப்படியே இருக்கட்டும். கண் இருக்கிறவர்களுக்கும் ஏதாவது வசதி செய்து தர வேண்டாமா?