மருமோன்ரை சங்கம்

என்ரை தங்கச்சியின்ரை மோன் இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலை வேலை. அங்கை தொழிற்சங்கக் கிளைச் செயலாளரும் அவன்தான். தொழிற்சாலையின்ரை பேரையும் சங்கத்தின்ரை பேரையும் சொல்லமாட்டன். சொன்னால் என்னைச் சங்கத்தாலை நீக்கிப்போடுவான். நான் அங்கத்தவனே இல்லை எண்டது அவனுக்கு ஒரு தடையாயிராது.

களுபோவிலைக்கு வந்தானெண்டால் தேத்தண்ணி குடிக்க முந்தியே முறைப்பாடு துவங்கிவிடும். "மாமா, எங்கடை ஆக்களுக்கு உணர்வில்லை. கூட்டம் வைச்சால் ஒருத்தரும் வாறேல்லை."

நான் கோண்டாவில் செம்பாட்டு மண்ணிலை வெங்காயம் நட்டுச் சீவிச்ச ஆள். மோள் கொழும்பிலை வீடெடுத்தபடியாலை இஞ்சை மாடியிலை குந்திக்கொண்டிருக்கிறன். தொழிற்சங்கம் எனக்கு விளங்காது. விளங்காத விசயத்திலை புத்தி சொல்லத்தானே மனுசருக்கு வயசு போறது. ஆனபடியாலை, மருமோனே, கேள்.

முதலிலை உன்னைப் பாராட்டவேணும். இவ்வளவு பேர் வேலை செய்யிற இடத்திலை ஒரு பொதுக்கூட்டத்தை மூண்டு கதிரையோடை நடத்தி முடிக்கிறது லேசான காரியமில்லை. தலைவர், நீ, பொருளாளர். தீர்மானம் எல்லாம் ஏகமனதாய் நிறைவேறுது. குறுக்குக் கேள்வி இல்லை, வெளிநடப்பு இல்லை. பாராளுமன்றத்துக்கே கிடைக்காத ஒற்றுமை.

சந்தா விசயத்திலையும் நீ கெட்டிக்காரன். மாசா மாசம் சம்பளத்திலை கழிபட்டு, கொம்பனிக் கந்தோராலை நேரை வங்கிக்குப் போகுது. முந்தி செயலாளர்மார் என்ன பாடு பட்டவை! சம்பள நாளண்டு ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு, ஆளாளாய்த் தேடிப்போய்க் கை நீட்டவேணும். "உனக்கு எதுக்கடா காசு, போன மாசம் என்ன கிழிச்சனி?" எண்டு அவன் ஏசுவான். ஏசி முடிய, "நாலாம் மெசின்ரை மூடி உடைஞ்சு கிடக்கு, ஆற்றையேன் விரல் போகப்போகுது, அதைப் போய்க் கேள்" எண்டு சொல்லிப்போட்டுக் காசைத் தருவான். இப்ப உனக்குக் காசு வருது, ஏச்சு வரேல்லை. மூடி உடைஞ்ச கதையும் வரேல்லை. நீ அதுக்கு நவீனமயம் எண்டு பேர் வைச்சிருக்கிறாய். கொம்பனி மனேச்சருக்கு உன்ரை அங்கத்தவர் பட்டியல் உன்னைவிட வடிவாய்த் தெரியும், கழிக்கிறது அவரெல்லோ.

சட்டமும் உங்களுக்குச் செல்லம் குடுத்துத்தான் வைச்சிருக்கு. 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். எங்கடை ஊரிலை ரண்டு மேசை போட்டு 304 விளையாட எட்டுப் பேர் வேணும். ஒராள் வராவிட்டால் சங்கம் துவங்கலாம். பிறகு 1999 இலை கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. தொழிலாளரிலை 40 வீதம் பேர் உன்ரை சங்கத்திலை இருந்தால், முதலாளி உன்னோடை பேசமாட்டன் எண்டு கதவைச் சாத்தேலாது. சாத்தினால் அது சட்டவிரோதம். நீயும் அந்தக் கோட்டுக்கு மேலை மயிரிழையிலை நிக்கிறாய். நாலைஞ்சு பேருக்கு ஓய்வு வயசு வந்தால் உன்ரை மயிர் அறுந்துபோம். நான் அதைச் சொன்னால், "மேன்பவர் பெடியள் தானே இப்ப கூட, அவங்களை நாங்கள் சேர்க்கிறேல்லை, மாமா" எண்டுறாய். நல்ல கொள்கை! உனக்குப் பக்கத்திலை நிண்டு அதே மூட்டையைத் தூக்கிறவன், மாசம் முடியச் சம்பளச் சீட்டிலை வேறை ஏசன்சியின்ரை பேர் இருக்கிற ஒரே காரணத்துக்காக உனக்கு அன்னியன். மனேச்சருக்கும் அதே கொள்கைதான். ரண்டு பேரும் ஒத்துப்போறது எனக்குச் சந்தோசம்.

எங்கடை வீட்டுக்குக் கிட்ட ஆஸ்பத்திரி. பலகையிலை கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை எண்டு கிடக்கு. சனத்தின்ரை வாயிலை களுபோவில ஆஸ்பத்திரி. 2024 தை 16 ஆம் திகதி நாடு முழுக்கச் சுகாதாரச் சங்கங்கள் வேலையை நிப்பாட்டினவை. வைத்தியர்மாருக்கு 35,000 ரூபா கொடுப்பனவு கூட்டினதுக்கு, எங்களுக்கும் அதைத் தா எண்டு கேட்டவை. திரும்ப மாசி முதலாம் திகதியும். ஆமிக்காரர் வந்து ஆஸ்பத்திரிகளிலை ரொலி தள்ளினவை. எத்தினை சங்கம் தெரியுமோ? 72. வேங்கடமகி இராகங்களுக்கு 72 மேளம் வகுத்தார். அவருக்கு நூற்றாண்டுக் கணக்காய்ப் போட்டி இல்லாமல் இருந்தது, எங்கடை சுகாதாரத்துறை எட்டிப் பிடிச்சுப்போட்டுது. தாதியருக்கு ஒண்டு, அதிலை பிரிஞ்சு ஒண்டு, மருந்தாளருக்கு ஒண்டு, எக்ஸ்றே எடுக்கிறவருக்கு ஒண்டு. நான் பகிடி பண்ணினாலும் ஒண்டை ஒப்புக்கொள்ளவேணும்: 72 பேரும் ஒரே விடியப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிண்டவை. நீ ஒரே சங்கத்தை வைச்சுக்கொண்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பேரை நிப்பாட்டமாட்டாய்.

அரசாங்க உத்தியோகத்தர் இப்பிடித் துண்டு துண்டாய் நிக்கிறதுக்கு ஒரு பழைய காரணமும் இருக்கு. 1947 இலை பெரிய வேலைநிறுத்தம். ஆனி 5 ஆம் திகதி ஊர்வலத்திலை பொலிஸ் சுட்டு கந்தசாமி எண்ட தமிழ்க் கிளாக்கர் செத்தார். அரசாங்கம் அதிலை ஒரு பாடம் படிச்சுது. அடுத்த வருசமே சட்டத்தைத் திருத்தி, உத்தியோகத்தர் சங்கங்கள் தங்கடை தங்கடை திணைக்களம், தரம் எண்ட வேலிக்குள்ளை நிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுது. வேலியைப் பிறகு தளர்த்தினவைதான். ஆனால் எங்கடை சனத்துக்கு வேலி எண்டால் தெரியுந்தானே. அரசாங்கம் பிடுங்கினாலும் நாங்களே திரும்ப அடைச்சுப்போடுவம்.

அதே 1947 இலை வேலை போனவர் பாலா தம்பு. தாவரவியல் படிப்பிச்சவர், என்னைப்போலை செடி கொடியோடை துவங்கினவர். 1948 இலை வணிக ஊழியர் சங்கத்துக்குப் பொதுச் செயலாளராய் வந்தார். 2014 இலை கண்ணை மூடுமட்டும் அவர்தான். 66 வருசம்! இதைச் சொல்ல உன்ரை முகம் மலருது, எனக்குத் தெரியும். கதிரையைப் பிடிச்சிருக்கிற பகுதியை மட்டும் நீ அவரிட்டைப் படிச்சிருக்கிறாய். அவர் மேசைக்குப் போனால் முதலாளிமார் கோப்பை விரிச்சு வைச்சுக்கொண்டு இருப்பினம். அவருக்குப் பின்னாலை கந்தோர் கந்தோராய்க் கிளைகள் நிண்டது. நீ போனால் மனேச்சர் உனக்குத் தேத்தண்ணி குடுத்து, மோளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் எண்டு விசாரிச்சு அனுப்பிவிடுவார். நீயும் வந்து, "பேச்சுவார்த்தை சுமுகம்" எண்டு வட்ஸ்அப்பிலை போடுவாய். அதுக்குப் பதினாலு பேர் கும்பிடுற கைப் படம் போடுவினம்.

தலைவர்மார் மேலை போகப் போக என்ன நடக்கும் எண்டதுக்கு நீ தூரம் போகத் தேவையில்லை. உந்த ஹவ்லொக் வீதியிலை வானத்தை முட்டிக்கொண்டு நிக்கிற மாடி வீடுகள் இருக்கெல்லோ, ஹவ்லொக் சிற்றி, அது முந்தி வெள்ளவத்தை நெசவாலை நிண்ட காணி. 1933 இலை அங்கை வேலைநிறுத்தம். மலையாளிகள் நிறையப் பேர் வேலை செய்த இடம். அந்த நேரம் கொழும்புத் தொழிலாளருக்குக் கடவுள்மாதிரி ஏ. ஈ. குணசிங்க. 1923 இலை பொது வேலைநிறுத்தம் நடத்தினவர், 1929 இலை ட்ராம்கார்க்காரரை நிப்பாட்டினவர், அதே வருசம் முதலாளிமார் சம்மேளனத்தையே ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தவர். அப்பிடிப்பட்ட மனுசன் 1933 இலை எந்தப் பக்கம் நிண்டார்? வேலைநிறுத்தத்தை முறிக்கிற பக்கம். மலையாளி வந்து சிங்களவன்ரை வேலையைப் பறிக்கிறான் எண்ட கதையையும் தூக்கிக்கொண்டார். கொல்வின் ஆர். டி சில்வா எண்ட இளந்தாரி வக்கீல்தான் ஆலைத் தொழிலாளரோடை நிண்டவர். குணசிங்கவின்ரை செல்வாக்கு அங்கையிருந்து இறங்கத் துவங்கினது. பத்து வருசத்துக்குள்ளை ஒருத்தர் அப்பிடி மாறினது எப்பிடி எண்டு பெரிய ஆக்கள் புத்தகம் எழுதியிருக்கினம். என்ரை சின்னப் புத்திக்கு ஒண்டுதான் படுது: ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்ச பிறகு, கீழை நிக்கிறவன் வாயைத் திறந்தால் மேலை இருக்கிறவருக்கு அது தொந்தரவு. நீ இன்னும் ஒப்பந்தமே போடேல்லை, அதுக்கு முந்தியே உனக்குத் தொந்தரவாய் இருக்கு. கெதியாய் வளருறாய்.

இனி உந்த "உணர்வில்லை" எண்ட கதை. இதிலை மட்டும் நான் பகிடி விடேல்லை. எங்கடை அண்ணர் கொழும்பிலை அரசாங்கக் கிளாக்கர். 1980 ஆடியிலை 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். ஜே. ஆர். அரசாங்கம் அத்தியாவசிய சேவை எண்டு பிரகடனம் பண்ணி, வராத ஆக்கள் வேலையை விட்டுப்போட்டினம் எண்டு சொல்லிப்போட்டுது. ஏறக்குறைய 40,000 பேர் தெருவிலை. அண்ணர் ஊருக்கு வந்து, கால்சட்டையை மடிச்சுவிட்டுக்கொண்டு என்னோடை வெங்காயம் பிடுங்கினார். வடிவாய்ப் பிடுங்கத் தெரியாது, பாவம். பிள்ளையளுக்கு அவர் சொன்ன ஒரே புத்தி, சங்கம் கிங்கம் எண்டு போகாதேங்கோ எண்டது. அப்பிடிச் சொல்லி வளர்த்த வீடுகள் இந்த நாட்டிலை எத்தினை! அந்த வீட்டுப் பிள்ளையளும் பேரப்பிள்ளையளுந்தான் உன்ரை பட்டியலிலை இருக்கினம். அவை கூட்டத்துக்கு வராததுக்குப் பேர் உணர்வின்மை இல்லை, ராசா, ஞாபகம். நீ மேடையிலை நிண்டு "தோழர்களே" எண்டு கத்த அந்த ஞாபகம் இன்னும் கூடும்.

அவையை என்ன செய்யச் சொல்லி நீ எப்பவாவது கேட்டிருக்கிறியோ? வா, இரு, கை தூக்கு, போ. இதைவிட வேறை ஒண்டும் இல்லை. எங்கடை ஊரிலை மெசின் வர முந்தித் துலாவிலை தண்ணி இறைக்கிறது. ஒருத்தன் துலா மிதிப்பான், ஒருத்தன் பட்டை பிடிப்பான், வாய்க்காலிலை நிண்டு தண்ணி மாற ஒரு சின்னப் பெடி. துலா மிதிக்கிறவன்தான் உயரத்திலை, எல்லாருக்கும் தெரியிறவன். எண்டாலும் தண்ணி மாறுற பெடி நித்திரையானால் ஒரு பாத்தி வெள்ளம், மற்றப் பாத்தி வறட்சி. நீயோ மூண்டு வேலையையும் ஒராளாய்ச் செய்துகொண்டு, தோட்டம் பச்சை பிடிக்கேல்லை எண்டு பயிரைத் திட்டுறாய்.

ஆனபடியாலை பெரிய கோரிக்கைப் பட்டியலைக் கொஞ்ச நாளைக்கு மடிச்சு வை. 1963 இலை நாட்டிலை உள்ள சங்கமெல்லாம் சேர்ந்து 21 கோரிக்கை எழுதினவை. அடுத்த வருசம் சமசமாஜக் கட்சிக்காரர் மந்திரியாய்ப் போக, 21 உம் அந்தரத்திலை நிண்டது. உன்ரை பட்டியலிலை 27 இருக்கு எண்டு போன கிழமை பெருமையாய்ச் சொன்னாய். பொம்பிளையளின்ரை கக்கூசுக் கதவுக்குக் கொளுக்கி இல்லை எண்டும் நீதான் சொன்னாய். அது 27 இலை எத்தினையாவது? பட்டியலிலை இல்லை, ஏனெண்டால் அது "அரசியல் பிரச்சினை" இல்லை. அந்தக் கொளுக்கியை நீ போய்க் கேளாதை. அந்தப் பிள்ளையளிலை நாலு பேரைக் கேக்கவிடு. நீ கதவுக்கு வெளியிலை நில். கொளுக்கி வந்தால் அது அவையின்ரை வெற்றி. வராவிட்டால் அடுத்த தரம் நாலு இருபதாய் வரும். மனேச்சருக்கு உன்னை எப்பிடிச் சமாளிக்கிறதெண்டு தெரியும். நாலு பொம்பிளையளை எப்பிடிச் சமாளிக்கிறதெண்டு தெரியாது. எனக்கே இவ்வளவு வயசாகியும் ஒராளைச் சமாளிக்கத் தெரியேல்லை.

கூட்டத்தைப் பின்னேரம் ஆறரைக்கு வைக்கிறதும் நல்ல தந்திரம். பொம்பிளையள் பஸ்ஸுக்கு ஓடவேணும், பிள்ளையை எடுக்கவேணும். வரமாட்டினம் எண்டது நிச்சயம். வரவேணும் எண்டு ஆசைப்பட்டால் மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் கால் மணித்தியாலம் மரத்துக்குக் கீழை நிண்டு கதை. கதைக்கிறது அவையாய் இருக்கட்டும். நீ வாயிலை சோத்தை வைச்சுக்கொள், அப்பதான் பேச்சு வராது.

சம்பளத்திலை கழிபடுறது கழிபடட்டும், அதை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒராளைப் பிடிச்சு, மாசம் ஒருக்கால் பத்துப் பேரைக் கண்டு கதைக்கிற வேலையைக் குடு. மேன்பவர் பெடியனையும் அந்தப் பத்துக்குள்ளை போடு. காசு கேக்கப் போகாமல் ஏச்சுக் கேக்கப் போகட்டும். வருசக் கணக்கைத் தொழில் திணைக்களத்துக்கு மட்டும் அனுப்பி வைக்காமல் சாப்பாட்டு அறைச் சுவரிலையும் ஒட்டு. "கூட்டச் சிற்றுண்டிச் செலவு" எண்ட வரியை மூண்டு பேரும் என்னெண்டு திண்டு முடிச்சியள் எண்டு கேக்கவாவது சனம் வரும்.

கடைசியாய் ஒண்டு. உன்ரை அறிவித்தல் எல்லாம் சிங்களத்திலை. உன்ரை ஆக்களிலை கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, மலைநாடு எண்டு தமிழ்ச்சனம் கொஞ்சம் இருக்கு. விரல் காட்டின இடத்திலை கையெழுத்து வைச்சுப்போட்டுப் போகுதுகள். நீ தமிழன், செயலாளர், ஆனாலும் உனக்குத் தமிழிலை எழுதப் பஞ்சி. எழுதிக்கொண்டு வா, எழுத்துப்பிழை நான் பார்த்துத் தாறன். கூலி ஒரு பிளேன்ரீயும் ரண்டு பணிசும். ரசீது வேணும், பொருளாளர் கையெழுத்தோடை. இல்லாட்டில் அதையும் சிற்றுண்டிச் செலவிலை போட்டுவிடுவியள்.