பேப்பர்லயே வந்திருச்சு

நான் காலேஜ் படித்த காலத்தில் திருப்பூரில் பொய்க்குக்கூட ஒரு விலாசம் இருந்தது. அனுப்பர்பாளையம் டீக்கடையில் காலைப் பேப்பரை ஒரு பெரியவர் உரக்கப் படிப்பார். பனியன் கம்பெனிக்குப் போகிற ஓவர்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர் எல்லாரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர் தன் சொந்தச் சரக்கையும் நடுவே சேர்ப்பார். "இது பேப்பர்ல இல்லீங்களே" என்றால், "நாளைக்கு வரும் பாரு" என்பார். வராவிட்டால் மறுநாள் அதே பெஞ்சில் ஆளைப் பிடித்துவிடலாம்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற சேதி விடியும் முன்பு டெல்லியில் கிளம்பி, எஸ்டிடி பூத் வழியாக எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. பகல் ஷிப்டின் டீ டைமுக்குள் கோயில் வாசலில் டம்ளரும் ஸ்பூனுமாக வரிசை. எங்கள் இயற்பியல் வாத்தியார் பரப்பு இழுவிசை, நுண்புழை ஏற்றம் என்று விளக்கினார். விளக்கிய இடம் அதே வரிசை. அவர் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து, அது சிலையின் மேல் எப்படி வழிகிறது என்று காட்டினார்கள். சாயம் எப்படி வழியும் என்று திருப்பூர்க்காரனுக்கு டெல்லிக்காரர் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் மறுநாள் பிள்ளையார் சேதி பேப்பரில் வந்துவிட்டது. "பேப்பர்லயே வந்திருச்சு" என்றார் அப்பா. அதற்கு மேல் அவரிடம் பரப்பு இழுவிசை செல்லுபடியாகவில்லை. அச்சில் வந்தால் நம்பு. எங்கள் தலைமுறை ஊடகத்தைப் பற்றிப் படித்த பாடம் மொத்தமே அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தோடுதான் 2023-க்கு வந்து சேர்ந்தோம், கையில் ஆளுக்கொரு செல்போனோடு.

அந்த ஜனவரியில், வடமாநிலத்து ஆட்கள் நம்மவர்களைத் துரத்துகிறார்கள் என்று வேலம்பாளையம் வீடியோ ஒன்று எங்கள் சொந்தக்காரர் குரூப்பில் விழுந்தது. டீக்கடை வாய்த்தகராறில் தொடங்கிய சங்கதி என்று போலீஸ் சொன்னது மட்டும் யாருக்கும் ஃபார்வர்ட் ஆகவில்லை. மார்ச் மாதம் கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தி குரூப்புகளில் வீடியோக்கள் பறந்தன. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அவற்றில் இரண்டைப் பொய் என்றார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதியது, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. கட்டுப் போட்ட ஆட்களைக் காட்டிய இன்னொரு வீடியோ பாட்னாவிலேயே ஆள் வைத்து எடுத்தது என்று பீகார் போலீசே பின்னர் சொன்னது. அதன் பேரில் யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது வழக்கு வந்தது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இந்தப் பொய்யைச் செய்தியாகப் போட்டதற்காகத் திருப்பூர் வடக்குக் காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது 'தைனிக் பாஸ்கர்' என்ற நாளிதழின் ஆசிரியர் மீது. பேப்பர்லயே வந்திருச்சு!

என் அக்கா வீட்டுக்காரர் பத்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். அவருடைய யூனிட்டில் மூன்று பீகார் பையன்கள், ஊரிலிருந்து அம்மா அழுகிறாள், கணக்கு முடித்துக் கொடுங்கள் என்று நின்றார்கள். மச்சானுக்கு ஷிப்மென்ட் கவலை. பி.காம் படிக்கிற மகளோ, எந்நேரமும் போனை நோண்டுகிறாள் என்று வீடே திட்டுகிற பெண், வந்து அவர்களின் போனை வாங்கினாள். அவர்கள் பார்த்துப் பயந்த வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டாள். ராஜஸ்தான் ஜோத்பூரில் ஒரு வக்கீல் கொலையான செய்தி வந்து நின்றது. ரீல்ஸ் கற்றுத்தந்த இந்தியில் அதை அவர்களுக்குச் சொன்னாள். இரண்டு பேர் மெஷினுக்குத் திரும்பினார்கள். மூன்றாமவன் ஹோலிக்கு எப்படியும் போவதாகத்தான் இருந்தானாம். அந்த வருஷம் மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ரயில் ஏறிய கூட்டத்தையும் உயிர் தப்பி ஓடும் கூட்டம் என்று படம் பிடித்துப் போட்டார்கள். "போன் பாக்காம பேப்பர் படி கண்ணு" என்று அவளிடம் நான் பத்து வருஷமாகச் சொல்லி வந்ததை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போனது. அதே வருஷம் தமிழக அரசு உண்மை சரிபார்ப்பகம் தொடங்கியது. அவள் அதையும் ஃபாலோ செய்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் ஒரு டி-ஷர்ட் பார்சல் வந்தது. இன்ஸ்டாகிராமில் சினிமாக்காரி மாதிரி ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு ஆடினாளாம். துணி எடை 240 ஜிஎஸ்எம், சுத்தக் காட்டன், 1,299 ரூபாய். மச்சான் துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "160 தாண்டாது அம்மிணி, பாலியஸ்டர் கலப்பு" என்றார். தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்மூர் சரக்குதான். காதர்பேட்டையில 150-க்குத் தருவான்" என்றார்.

"ரிவ்யூ எல்லாம் நல்லா இருந்துச்சுங்க மாமா" என்று என்னைப் பார்த்தாள். திருப்பி அனுப்புகிறேன் என்று அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு மெசேஜ் போட்டாள். பிளாக் செய்துவிட்டார்கள்.